ராணுவ வீரருக்கு எந்தச் சண்டைக் கலை பொருந்தும்?

லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூன் 15 இரவு சீனப் படையோடு நடந்த மோதலில் நம் ராணுவத்தினர் 20 பேர் உயிரிழந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை. கல்லும் இரும்புத் தடியும் ஆணி பதித்த கட்டையும்தான் அன்றைய ஆயுதங்கள். எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, வெடி வைக்கக்கூடாது என்று இந்தியாவும் சீனாவும் 1996இல் உடன்பாடு செய்துகொண்டன. அதனால் அந்த மலையில் சண்டை மூண்டால் அது பெரும்பாலும் கைக்குக் கை சண்டைதான்.

அன்று உயிர்நீத்தவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் கே. பழனியும் ஒருவர். மறைவுக்குப் பின் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவர் இருந்தது 81 ஃபீல்டு ரெஜிமென்டில், அதாவது பீரங்கிப் படையில். பல கிலோமீட்டர் தள்ளி நின்று குண்டு வீசும் பிரிவைச் சேர்ந்தவர் எதிரியை முகத்துக்கு நேர் சந்திக்க நேர்ந்தது. கைச்சண்டை என்பது கமாண்டோக்களுக்கும் காலாட்படைக்கும் மட்டும் உரிய வித்தை என்று இனி யாரும் சொல்ல முடியாது. சமையல்காரர், ஓட்டுநர், சிக்னல்காரர் என்று சீருடை போட்ட எல்லோருக்கும் அது தேவை. அப்படியானால் எல்லோருக்கும் எதைக் கற்றுக்கொடுப்பது?

கலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் "எது பயங்கரமானது" என்பதிலேயே சுற்றிச் சுற்றி வரும். ராணுவத்துக்கு அந்தக் கேள்வி பயன்படாது. வீரருக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. சுடும் பயிற்சி, ஓட்டம், காவல் பணி, ஆயுதப் பராமரிப்பு எல்லாம் போக வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. உடம்பில் கவச உடை, தலையில் ஹெல்மெட், தோளில் ரைபிள், காலில் கனத்த பூட்ஸ். எதிரே வருபவர் ஒருவராக இருக்க மாட்டார். நம் பக்கமும் ஒருவர் மட்டும் இருக்கப் போவதில்லை. கொல்ல வேண்டிய இடமும் உண்டு, பிடித்துக் கட்டி உயிரோடு ஒப்படைக்க வேண்டிய இடமும் உண்டு. இத்தனைக்கும் ஈடுகொடுக்கிற கலை எது என்றுதான் பார்க்க வேண்டும்.

இதில் வெறும் அபிப்பிராயத்தைத் தாண்டிக் கையில் இருக்கும் தகவல் கொஞ்சம்தான். அமெரிக்கத் தரைப்படையில் போர்முனையிலிருந்து திரும்பிய 1,226 பேரிடம் 2004 முதல் 2008 வரை எடுத்த கருத்தாய்வு அதில் முக்கியமானது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர், ஒரு முறையாவது கைச்சண்டைத் திறனைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னவற்றில் 72.6 சதவீதம் பிடிச்சண்டை. ரைபிள் கட்டையால் இடிப்பது போல ஆயுதத்தைக் கொண்டு அடித்தது 21.9 சதவீதம். கையால் குத்தியதும் காலால் உதைத்ததும் வெறும் 5.5 சதவீதம்.

அந்தப் படையில் பிடிச்சண்டைதான் சொல்லிக்கொடுக்கப்பட்டது, அதனால் கற்றதையே செய்திருப்பார்கள் என்று மறுக்கலாம். அது நியாயமான மறுப்புதான். ஆனாலும் வீட்டுச் சோதனையில் கதவு மறைவில் நிற்பவன் முதலில் செய்யும் காரியம் வீரரின் துப்பாக்கியைப் பற்றுவது. கைதியைக் கட்டும்போது அவன் திமிறுவான். சோதனைச் சாவடியில் ஒருவன் சட்டையைப் பிடிப்பான். இவை எல்லாமே பிடியில் தொடங்கும் சண்டைகள். குத்துவதற்கு இடைவெளியே இருக்காது.

அந்தத் தரைப்படையின் முறையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1995இல் அங்கே இரண்டாம் ரேஞ்சர் பட்டாலியனில் கைச்சண்டைப் பயிற்சியைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது ஒரு கசப்பான உண்மை வெளிப்பட்டது. கையேட்டில் இருந்த அடிமுறைகள் சண்டையில் உதவும் என்ற நம்பிக்கை வீரர்களுக்கே இல்லை. மேட் லார்சன் என்ற வீரரின் முன்முயற்சியில் பல கலைகளைப் பார்த்துவிட்டு, பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். தரையில் உருண்டு போடும் சண்டை போர்க்களத்துக்கு ஆகாது என்று இன்றைக்கும் பலர் குறை சொல்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. தரைச்சண்டையைத்தான் குறைந்த நேரத்தில், குறைந்த காயத்தோடு, முழு பலத்தையும் போட்டுப் பழக முடியும். ஒருவன் உன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான், நீ புரட்டி எழ வேண்டும். இதை முதல் நாளே உண்மையாகச் செய்து பார்க்கலாம். தொண்டையில் வெட்டும் அடியை அப்படிப் பழக முடியாது.

இந்த முறையில் என்னை மிகவும் கவர்வது ஒரு சிறு பயிற்சி. எதிரே நிற்பவர் குத்துச்சண்டை உறை மாட்டிக்கொண்டு நிஜமாகவே குத்துவார். பயிற்சி பெறுபவர் திருப்பிக் குத்தக்கூடாது. தலையைக் கைகளால் மறைத்து, மோவாயைத் தாழ்த்தி, அடிகளை வாங்கிக்கொண்டே உள்ளே புகுந்து எதிராளியின் உடலை இறுகக் கட்டிப் பிடித்தால்தான் தேர்ச்சி. முதல் முறை செய்பவர்கள் பின்வாங்குவார்கள், கண்ணை மூடுவார்கள், பக்கவாட்டில் ஓடுவார்கள். குத்து வலிக்கும் தூரம் ஒரு கை நீளம்தான், அதைக் கடந்துவிட்டால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது என்று உடம்பு ஒருநாள் புரிந்துகொள்ளும். அடிப்படைப் படிப்பு 40 மணி நேரம், அடுத்த நிலை 80, அதற்கு மேல் பயிற்சியாளர் படிப்புகள் ஒவ்வொன்றும் 160 மணி நேரம் என்று அமைத்திருந்தார்கள். ஒவ்வொரு கம்பெனிக்குள்ளும் சொந்தமாக ஒரு உஸ்தாத், அதாவது பயிற்சி ஆசான், உருவாக வேண்டும் என்பதுதான் நோக்கம். எந்தப் படையும் கடன் வாங்க வேண்டிய யோசனை இது.

குறை இல்லாமல் இல்லை. விளையாட்டுப் போட்டியின் மோகம் உள்ளே புகுந்தால், முதுகைத் தரையில் வைத்துக்கொண்டு காலால் எதிரியைப் பிணைப்பதே சுகமான பழக்கமாகிவிடும். கவச உடையோடு கூரான பாறை மேல் மல்லாந்து கிடப்பவரை எதிரியின் கூட்டாளி ஒருவன் கல்லால் முடித்துவிடுவான். கைச்சண்டையில் யாருடைய தோழன் முதலில் துப்பாக்கியோடு வந்து சேர்கிறானோ அவனே ஜெயிப்பான் என்று அந்தத் தரைப்படையின் பயிற்சிப் பள்ளியிலேயே சொல்வார்கள். ஆகவே தரையில் கற்க வேண்டியது, விழுந்தால் எழுவதும், எழ முடியாவிட்டால் தோழன் வரும்வரை துப்பாக்கியை விடாமல் தாக்குப்பிடிப்பதும். அதற்கு மேல் தரையில் நேரம் செலவழிப்பது வீண்.

அமெரிக்க மரைன் படை வேறு வழியில் போனது. 1989இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட முறை கொல்வதை மட்டுமே சொல்லிக்கொடுத்தது. அமைதிப் பணிக்குப் போன இடத்தில், கூட்டத்தை விலக்க வேண்டிய இடத்தில், அது கையைக் கட்டிப்போட்டது. 1998 வாக்கில் கைவிட்டார்கள். 2001இல் கொண்டுவந்த புதிய திட்டத்தில் வெளிர் பழுப்பில் தொடங்கிக் கறுப்பில் முடியும் ஐந்து நிற பெல்ட்டுகள். ரைபிள், கத்தி, கையில் கிடைக்கும் பொருள், வெறுங்கை எல்லாம் ஒரே பாடத்திட்டத்துக்குள் வரும். எவ்வளவு பலம் பயன்படுத்த வேண்டும் என்பதும், அதிகாரமுள்ளவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் பாடம்தான். காஷ்மீரில் சுற்றிவளைப்புக்கும் போகிற, ஐ.நா. அமைதிப் படையிலும் சேர்கிற நம் ராணுவத்துக்கு இந்த அளவறிதல் மிகவும் தேவை. சீருடையிலேயே அணியும் பெல்ட் என்பதால் அடுத்த நிறத்துக்கு ஆசைப்பட்டு வீரர்கள் தொடர்ந்து பழகுவார்கள் என்பது இன்னொரு லாபம். பாடப் பட்டியல் நீளமாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அடிமுறைகளை ஒவ்வொன்றாகச் செய்துகாட்டிப் பெல்ட் வாங்கிவிட்டால், திமிறுகிற ஆளோடு மோதிப் பார்க்கும் நேரம் சுருங்கிப்போகும்.

இஸ்ரேல் ராணுவத்தின் கைச்சண்டை முறையான கிராவ் மகாவைப் பற்றித்தான் இன்று இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். இதை உருவாக்கிய இமி லிச்டன்ஃபெல்ட், பிராட்டிஸ்லாவாவில் வளர்ந்த குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர். 1930களில் யூதர்களைத் தாக்க வந்த கும்பல்களோடு தெருவில் மோதியபோது, மேடையில் கற்றது தெருவில் அப்படியே செல்லாது என்று கண்டார். பிறகு இஸ்ரேல் ராணுவத்தில் 1964 வரை பயிற்சி கொடுத்தார். தடுப்பும் தாக்குதலும் ஒரே அசைவில் நடக்க வேண்டும், உடம்பு இயல்பாகவே செய்யும் அனிச்சைச் செயலிலிருந்து தொடங்க வேண்டும், ஆபத்தான இடத்தை விட்டுச் சீக்கிரம் விலக வேண்டும் என்பவை அவர் வகுத்த நெறிகள். பதினெட்டு வயதில் படைக்கு வரும் பிள்ளைகளுக்கு வெகு சீக்கிரம் கற்பிக்க அமைத்த முறை என்பதால் பாடம் சுருக்கம். நாலாபுறமும் பார்த்துக்கொண்டே சண்டை போடும் பழக்கமும், களைத்துப்போன பிறகு மோதவிடும் வழக்கமும் ராணுவத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

ஆனால் லிச்டன்ஃபெல்டிடம் ஏற்கெனவே பல வருட மல்யுத்தமும் குத்துச்சண்டையும் இருந்தன. அந்த அடித்தளம் இல்லாதவருக்கு மேல்மாடியை மட்டும் கட்டிக்கொடுத்தால் நிற்காது. கண்ணில் குத்து, கவட்டில் உதை என்று ஒத்துழைக்கும் நண்பனிடம் பாவனையாகச் செய்துவிட்டு, கற்றுக்கொண்டோம் என்று நம்புவது மிகவும் ஆபத்தானது. பெயருக்குக் காப்புரிமை மாதிரி எதுவும் இல்லாததால் உலகெங்கும் யார் யாரோ சான்றிதழ் கொடுக்கிறார்கள். எந்த ஆசிரியர், எப்படி மோதவிடுகிறார் என்று பார்க்காமல் இந்தக் கலையை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குப் பயிற்சி கொடுத்த ஃபேர்பேர்னின் முறையும் இந்த வகைதான். ஷாங்காய் நகரக் காவல்துறையில் பல ஆண்டு வேலை பார்த்தவர். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மோவாயில் இடிப்பது, கையின் ஓரத்தால் வெட்டுவது, பூட்ஸால் மிதிப்பது என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில அடிகளை மட்டும் வைத்துக்கொண்டார். பயத்தில் விரல்கள் நடுங்கும்போதும் செய்ய முடிகிற அடிகள் அவை. போர் மூண்டுவிட்டது, ஆட்களை அனுப்பச் சில நாள்தான் இருக்கிறது என்றால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. அமைதிக் காலத்தில் ஆண்டுக்கணக்கில் நேரம் இருக்கும் படைக்கு இது மட்டும் போதாது.

ஜூடோவும் அதன் ரஷ்ய உறவினரான சாம்போவும், ஆபத்தான அடியை நிஜமாகப் பழக முடியாது என்ற சிக்கலுக்கு விடை வைத்திருக்கின்றன. ஜூடோவை உருவாக்கிய ஜப்பானியர் ஜிகோரோ கானோ 1882இல் கோடோகன் பள்ளியைத் தொடங்கியபோது பழைய ஜுஜுட்சுவிலிருந்து மிக ஆபத்தான அடிகளைத் தாராளச் சண்டைப் பயிற்சியில் அனுமதிக்கவில்லை. மிஞ்சியவற்றைத் தினமும் முழு பலத்தோடு பழகவிட்டார். ஆயிரம் முறை நிஜமாகத் தூக்கிப் போட்டவனுடைய சாதாரண எறிதல், ஒருமுறைகூட நிஜமாகப் போடாதவனுடைய கொலை அடியைவிட நம்பகமானது. சண்டைக் கலை பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அந்தக் கோடோகனிலேயே கற்ற வசிலி ஒஷ்செப்கோவ் ரஷ்யாவுக்குத் திரும்பிச் செம்படைக்குக் கற்பித்தார். ஜப்பானிய உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டு 1937இல் சிறையில் இறந்தார். அடுத்த ஆண்டே அவர் விதைத்த கலை அரசு ஏற்ற விளையாட்டானது; சாம்போ என்ற பெயர் பிறகு நிலைத்தது. அவரை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

சாம்போவின் படைப்பிரிவு வடிவத்தில் குத்தும் உதையும் உண்டு. ஆனால் அதன் உயிர், தடித்த சட்டையைப் பற்றி எறிவதில்தான் இருக்கிறது. லடாக்கை நினைத்துப் பாருங்கள். பதினான்காயிரம் அடி உயரம். பஞ்சு அடைத்த கோட்டின் மேல் விழும் குத்து, தலையணையில் விழுந்தது போல அமுங்கிப்போகும். கையுறை போட்ட கையால் நுணுக்கமான விரல் பூட்டு போட முடியாது. கழுத்துப்பட்டை, தோள்பட்டை வார், கவச உடையின் கைப்பிடி, ஹெல்மெட்டின் மோவாய் வார் இவைதான் கைக்கு அகப்படும். வாரைப் பிடித்து இழுத்தால் தலை வரும், தலை போன பக்கம் உடம்பும் போகும். எதிரியைச் சரிவில் கீழ்ப்பக்கம் வைத்துக்கொண்டு காலைத் தட்டிவிட்டால் மீதியை மலை பார்த்துக்கொள்ளும். காற்று மெலிந்த அந்த இடத்தில் அரை நிமிடக் கட்டிப்புரளலுக்கே மூச்சு வாங்கும். நின்ற நிலையில் சட்டென்று எறிந்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பவருக்குத்தான் அங்கே சாதகம்.

குத்துச்சண்டைக்கு நான் கொடுக்கும் இடம் சிறியது, ஆனால் தவிர்க்க முடியாதது. பிரிட்டனின் பாராசூட் படைத் தேர்வில் இருவரை எதிரெதிரே நிறுத்தி, தடுக்காமல் விலகாமல் 60 விநாடி தலையில் குத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். அங்கே திறமைக்கு மதிப்பெண் இல்லை, நெஞ்சுரத்துக்குத்தான். முகத்தில் அடி வாங்கியே பழகாதவர் முதல் அடியிலேயே செயலிழந்துவிடுவார் என்பதால் அந்த அனுபவம் வேண்டும். அதே சமயம் வீரரின் மூளை வாராவாரம் குலுங்கினால் அது படைக்குத்தான் நஷ்டம். சில வாரங்கள் குத்துச்சண்டை, பிறகு எப்போதாவது. அதற்கு மேல் நான் போக மாட்டேன்.

இத்தனை சொல்கிறாயே, சிலம்பம் எங்கே, களரி எங்கே, வர்மம் எங்கே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தடிகளோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு சிலம்பத்தை ஒதுக்கிப் பேசுவது அறிவீனம். காலடி வரிசை, தூரத்தைக் கணிக்கும் கண், பலர் சூழ்ந்தால் சுழன்று இடம் பிடிக்கும் பழக்கம், இரு கையாலும் கம்பைப் பிடித்துக் குத்தும் முறை இவை ராணுவத்துக்கு நேரடியாகப் பயன்படும். கடைசியாகச் சொன்ன குத்து, முனையில் பயோனெட் கத்தி மாட்டிய ரைபிளுக்கு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகும். ஆனால் நெற்றி உயரக் கம்பைச் சுற்ற இடம் வேண்டும். தோள் உரசி நிற்கும் வரிசையில் அது பக்கத்துத் தோழனின் மண்டையைத்தான் பதம் பார்க்கும். அதனால் குறுங்கம்பு, கேடயம், இருவர் மூவராகச் சேர்ந்து நகர்வது என்று ஆசான்கள் அதை மாற்றி அமைத்துத் தர வேண்டும். அலங்கார வரிசையைக் குறைத்து, தலைக்கவசம் போட்டு நிஜமாக அடித்துப் பழகும் போர்ச் சிலம்பத்தைக் கூட்ட வேண்டும். களரி உடம்பை அற்புதமாக வளைக்கும், ஆனால் அதற்கு ஆண்டுகள் வேண்டும். வர்ம அடியைப் பற்றி மதிப்போடு ஒன்று சொல்வேன். பஞ்சுக் கோட்டும் கவசமும் போட்டு அசைந்துகொண்டே இருக்கும் ஆளிடம் புள்ளி தேடிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது.

எல்லோரும் மறந்துவிடும் இன்னொன்று கபடி. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் படைக்குப் போகும்போதே கணுக்காலைப் பிடிக்கவும் இடுப்பைக் கட்டவும் கைகோத்து ஒருவரை வளைத்து மடக்கவும் தெரிந்துதான் போகிறார்கள். ஒருவனைப் பலர் சேர்ந்து பிடிப்பதை இத்தனை நுட்பமாகப் பழக்கும் விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ஜூடோவிலும் மல்யுத்தத்திலும் ஒருவருக்கு எதிராக ஒருவர்தான். மலைமேல் நடக்கும் கும்பல் சண்டையில் தனியாக இழுக்கப்பட்டவர்தான் உயிர் விடுவார். இழுக்கப்படும் தோழனைப் பற்றி மீட்பதும், வரும் ஒருவனை மூவராக அமுக்குவதும் கபடியில் ஊறியவருக்கு எளிது.

ஆகவே ஒரு பட்டாலியனுக்கு நான் சிபாரிசு செய்வது, ஜூடோவோ மல்யுத்தமோ அடித்தளமாக இருக்கட்டும். இரண்டில் எதற்கு அந்தப் படைப்பிரிவில் ஏற்கெனவே ஆசிரியர் இருக்கிறாரோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். பஞ்சாப், ஹரியானா ஆட்கள் நிறைந்த பிரிவுக்கு மல்யுத்த உஸ்தாத் எளிதில் கிடைப்பார். மெத்தை வாங்கப் பணமில்லை என்பதெல்லாம் சாக்கு. மண்ணைக் கொத்திக் கோதா போட்டால் போதும். முதல் 40 மணி நேரத்தில் பாதிக்கு மேல் திமிறுகிற ஆளோடு மோதுவதற்கே ஒதுக்க வேண்டும். மீதியில் குத்தை வாங்கிக்கொண்டு உள்ளே புகும் பயிற்சி, துப்பாக்கியைப் பறிகொடுக்காமல் காப்பது, குறுங்கம்பு, ரைபிள் கட்டை, பயோனெட். கொல்லும் அடிகளை ஃபேர்பேர்ன் அளவுக்கு நாலைந்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ராணுவத்தில் சேர ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கும் இதே கணக்குதான். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டைப் பயிற்சியாளரோ கபடிக் குழுவோ இருந்தால் அங்கே போங்கள். இரண்டு மூன்று நாளில் கமாண்டோ சண்டை கற்றுத்தருவதாகச் சொல்லும் முகாம்களுக்குப் பெற்றோரின் பணத்தைக் கொட்டாதீர்கள். மூட்டும் தோளும் கெட்டுப்போனால் ஆள்சேர்ப்பு மருத்துவப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் எப்படி விழுவது என்பதை முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரைத் தேடுங்கள்.

பயிற்சி பலித்ததா என்று கமாண்டிங் ஆபீசர் தெரிந்துகொள்ள பெல்ட்டும் சான்றிதழும் வேண்டாம். முழுச் சுமையோடு ஐந்து கிலோமீட்டர் ஓடவிட்டு, இருட்டில், கையுறையும் ஹெல்மெட்டும் போட்ட நிலையில், இருவரை மூவருக்கு எதிராக இரண்டு நிமிடம் விட்டுப் பார்க்கட்டும். அந்த இருவரும் ரைபிளை விடாமல், ஒருவரை ஒருவர் பிரியாமல், நின்ற நிலையில் வெளியே வந்தால் அந்தப் பிரிவில் பாடம் சரியாக நடக்கிறது. வராவிட்டால், மாற்ற வேண்டியது வீரரையா உஸ்தாதையா என்று அன்றிரவே தெரிந்துவிடும்.